எஞ்சிய முக்காற் கூறு

ஆசிரியர் உரைத்ததை மாணாக்கன் செம்மையாகக் கைக்கொண்டாலும் அவனுக்கு வாய்ப்பது புலமையிற் காற்கூறே என்பது பவணந்தி முனிவர் துணிபு. உடன் கற்பாரோடு பயில்வதால் இன்னொரு காற்கூறும், கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்புமென 13ஆம் நூற்றாண்டு நன்னூலின் பாயிரம் கணக்கிட்டுக் காட்டுகின்றது. அந்நூலுக்குக் காண்டிகையுரை தந்தவர் நம் நாவலர் பெருமான். ஆயினும் நம் வகுப்பறைகளில் 40 நிமிடமும் முதற் காற்கூற்றுக்கே செலவாகின்றன. ஆசிரியர் குறிப்புச் சொல்கின்றார், மாணவர் எழுதுகின்றனர், எழுதியது பரீட்சையன்று திரும்பி வருகின்றது.

2007இல் தேர்ச்சிமையக் கலைத்திட்டம் வந்தபின் செயற்பாடு, குழு என்னுஞ் சொற்கள் பெருகின. எழுத்தழகுடைய ஒருவன் எழுத, மற்றை மூவர் வேடிக்கை பார்ப்பதும் குழுச் செயற்பாடெனவே பதிவாகின்றது! சிந்திக்கத் தூண்டும் வினா இல்லாதவிடத்து எம்முறையும் இப்படித்தான் முடியும்.

மன்னார்த் தீவின் தாராபுரத்தில் நெய்தற்றிணையைக் குறிப்பாகச் சொல்லி முடித்தல் எளிது. கடல் அருகிருக்க அது வீண். திசைக்காற்றுகளுக்குக் கொண்டல், கோடை, தென்றல், வாடை என இலக்கியத்திற் பெயருண்டு. கடற்றொழிலாளர் வாயில் வழங்கும் பெயர்கள் எவையெனக் கேட்டுவருமாறு மாணவரை அனுப்புக. வாடை அப்படியே வரும். சோளகமும் கச்சானும் உடன் வரும். கோடை எங்கே போயிற்று? கச்சான் என்றதும் கடலையை நினைத்துச் சிரிக்கும் பிள்ளையை அதட்டற்க. ஒரு சொல் இருபொருள் தருவதேன் என்னும் நல்ல வினாவை எழுப்பியது அச்சிரிப்பே. 1990இல் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் நெடுங்காலம் வாழ்ந்து மீண்ட குடும்பங்கள் இங்குள. அம்மூத்தோரின் சொல்லும் புத்தளத்தில் வளர்ந்தோரின் சொல்லும் வேறுபடுமாயின் அதனையும் பிள்ளைகளே ஒப்பிட்டு, அடுத்த குழுவுக்கு விளக்கட்டும். நன்னூலார் சொன்ன அரைக்கூறு அங்கே நிரம்பும்.

வினவியபின் ஆசிரியர் வாய்மூடி இருத்தலும் வேண்டும். பெரும்பாலான ஆசிரியர் ஒரு செக்கனளவே பொறுக்கின்றனர் என்றும், மூன்று செக்கன் பொறுத்தால் விடைகள் நீள்கின்றன, வாளாவிருந்தோரும் பேசுகின்றனர் என்றும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் றோ 1970களில் எடுத்துக்காட்டினார். செலவில்லாத சீர்திருத்தம் இதனினும் உண்டோ!

பாடத்திட்டம் முடியாதே என்பர் சிலர். முடிந்த பாடத்தில் எத்துணை மாணவரிடம் எஞ்சுகின்றது என்பதே யாம் அவரை வினவுவது.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். விழாவுக்கு வருவோர் மேடையேறிப் பரிசு வழங்குவதோடமையாது, மருத்துவரோ கணக்காளரோ வணிகரோ எவராயினும், ஒரு பாடவேளை வகுப்பறையில் அமர்ந்து மாணவர் கேட்கும் வினாக்களுக்கு விடையிறுப்பாராக. வினாக்களை மாணவரே ஆக்குக. ஆசிரியர் திருத்திக் கொடுத்தல் வேண்டா.