நெல்லுக்கு முன் ஜாதி உண்டா?

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் இன்றைக்கும் ஒரு பேச்சு நடக்கின்றது. ஜாதி என்பது மனிதன் உண்டானபோதே உண்டானதாம். முகத்தில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று படைக்கும்போதே பிரித்தாகிவிட்டதாம். ஆகையால் அதை மாற்ற மனிதனுக்கு அதிகாரமில்லையாம். இப்படிப் பேசுகின்றவர்களில் பட்டம் பெற்றவர்களும் இருக்கின்றார்கள். ஆதாரம் என்னவென்றால் சாஸ்திரத்தில் எழுதியிருக்கின்றது என்கின்றார்கள். நாம் மண்ணைக் கேட்போம். மண்ணுக்கு ஜாதியில்லை, ஆதலால் அதற்குப் பொய் சொல்லவேண்டிய அவசியமுமில்லை.

1863-ஆம் ஆண்டில் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலநூல் அறிஞர் சென்னைக்கடுத்த பல்லாவரத்தில் மனிதன் செதுக்கிய கற்கருவியொன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டிலேயே திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. அங்குள்ள பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று சாந்தி பப்பு முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் வெளியிட்டார்கள். அவற்றைச் செய்தவர்கள் நமக்கு முந்திய மனித இனத்தார். நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளோ மொராக்கோ நாட்டு ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை. அவற்றுக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டு. உலகத்து மக்கள் எல்லோருக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்று எலும்பும் சொல்லுகின்றது, மரபணுவும் சொல்லுகின்றது. முகத்தில் பிறந்தவனுக்கு ஓர் ஆப்பிரிக்கா, காலில் பிறந்தவனுக்கு வேறோர் ஆப்பிரிக்கா என்று இல்லவேயில்லை.

இந்த 3 லட்சம் ஆண்டையும் 60 நாழிகை கொண்ட ஒரு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். நாழிகை ஒன்றுக்கு 5,000 ஆண்டாகின்றது. 57 நாழிகைக்கு மேலாக மனிதன் கிழங்கு தோண்டியும், கனி பறித்தும், மீன் பிடித்தும், வேட்டையாடியுமே பிழைத்தான். மேற்கு ஆசியாவில் கோதுமையும் வாற்கோதுமையும் பயிராகத் தொடங்கியது சுமார் 11,000 ஆண்டுக்கு முன்புதான். தென்னாட்டில் பல்லாரிப் பக்கத்து மக்கள் சுமார் 5,000 ஆண்டுக்கு முன் மாடு வளர்த்தார்கள். கொள்ளும், பாசிப்பயறும், சிறுதானியமும் விதைத்தார்கள். அவர்கள் எரித்த சாணக் குவியல்கள் இன்றும் சாம்பல் மேடுகளாக நிற்கின்றன. ஹம்பிக்கருகிலுள்ள அத்தகைய மேடொன்றை வாலியின் சிதைச் சாம்பல் என்று ஜனங்கள் நம்பிவந்தார்கள். ஆராய்ந்தவர்களுக்கு இம்மேடுகளில் அகப்பட்டது வெந்த மாட்டுச் சாணம்! நமது நெல்லோ இன்னும் இளையது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழியொன்றில் கிடைத்த நெல்லுக்கு வயது சுமார் 3,200 ஆண்டு என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. நம் கணக்கில் அது ஒரு நாழிகைகூட இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். அன்றன்று கிடைத்ததைப் பங்கிட்டுத் தின்றவனிடம் பூட்டிவைக்க என்ன இருந்தது? பயிர் வந்தது, மிச்சம் வந்தது, களஞ்சியம் வந்தது. களஞ்சியம் வந்ததும் காவலுக்கு ஒருவன், கணக்குக்கு ஒருவன், "உனக்கு விதித்தது இவ்வளவுதான்" என்று சொல்ல ஒருவன் வந்தான். பயிரிட்ட நாடெல்லாம் ஜாதி உண்டாகவில்லை. ஏற்றத்தாழ்வு பல நாட்டிலும் உண்டாயிற்று. அதைப் பிறவியோடு கட்டிச் சாஸ்திரத்தால் முடிபோட்டது நம் நாட்டு வேலை.

இனி நம் ஜில்லாவுக்கு வருவோம். வீராணத்து நீர் பாயும் சிதம்பரச் சீமையில் நெல்லுக்குக் குறைவில்லை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தன் கதையில், சேற்றில் உழைத்த பண்ணையாளுக்குக் கிடைத்தது என்ன? சிதம்பரம் போக எஜமானனிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று; கோயிலுக்குள் போக நெருப்பில் இறங்க வேண்டியதாயிற்று. விளைவித்தவன் வாசலுக்கு வெளியே, உண்டவன் உள்ளே. இது படைப்பா, பங்கீட்டு மோசடியா என்று கேட்கின்றோம்.

அதே சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டு நீரில் இருளர் மக்கள் வெறுங்கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைக்கின்றார்கள். இவர்களைக் "கற்கால மனிதர்" என்று சிலர் ஏளனம் செய்கின்றார்கள். நமக்கு எத்தனை ஆண்டு பழமையோ, அவர்களுக்கும் அத்தனையே. நம் எல்லோருடைய பாட்டன்களும் செய்த தொழிலைத்தான் அவர்கள் செய்கின்றார்கள். அதற்கு அறிவு வேண்டாமா? 1978-இல் ஏற்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் நம் நாட்டுப் பாம்புக்கடி மருந்தின் பெரும்பகுதி தயாராகின்றது. பாம்பு கடித்த பின் அந்த மருந்தை வேண்டாமென்று சொல்லும் வைதீகரை நாம் இதுவரை கண்டதில்லை.

அப்படியிருக்க, இருளர் பிள்ளைகள் பழங்குடியினர் சான்றிதழுக்காக அலைகின்றார்கள். அது கிடைக்காமல் படிப்பை நிறுத்தியவர்களும் உண்டு. மூன்று லட்சம் ஆண்டுக்குச் சாட்சி மண்ணில் கிடக்கின்றது. ஒரு காகிதத்துக்குச் சாட்சி எங்கே என்று அப்பிள்ளைகளைக் கேட்பது நியாயமா? கேட்கின்ற அதிகாரி எவராயினும் தம் வம்சத்துக்கு அப்படியொரு சாட்சி காட்ட முடியுமா?

ஆகவே, ஜாதி ஆதியில் இல்லை. கடைசி நாழிகையில் புகுந்த சரக்கு. மனிதன் புகுத்தியதை மனிதன் அகற்றலாம். அதற்கு முதற்படியாக, சிதம்பரம், கடலூர்த் தோழர்கள் தங்கள் ஊரிலுள்ள இருளர் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சான்றிதழும் பள்ளிக்கூடமும் கிடைக்கும்வரை உடன்நின்று கேட்கவேண்டும் என்று வற்புறுத்துகின்றோம்.