சப் ஊஃபரை அப்படியே மாட்ட வேண்டாம்!



இந்த ஆண்டு விழாவுக்கு நம் பள்ளி ஸ்டீரியோ செட்டில் ஒரு சப் ஊஃபரும் சேர்த்து மாட்டப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. பத்தாம் வகுப்பு அண்ணா ஒருவர் வீட்டில் ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர் எரிந்து போய்விட்டதாம். அதோட பெரிய பெட்டி மட்டும் சும்மா கிடக்கிறதாம். "ரெண்டு ஒயர் இழுத்தா முடிஞ்சது"ன்னு சொல்றாங்க. முடியும்தான். எது முடியும் என்பதுதான் என் கேள்வி.

எனக்கு சப் ஊஃபர் மேல் கோபம் எதுவும் இல்லை. போன வருஷம் கரகாட்டப் பாட்டு போட்டபோது தவிலில் வலந்தலைச் சத்தம் மட்டும் 'டிக் டிக்' என்று கேட்டது, தொப்பிப் பக்கத்து 'தொம்' வரவே இல்லை. மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நம்மிடம் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்கள் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் சோர்ந்து விடுகின்றன. அந்த அடிச் சத்தத்துக்குத்தான் சப் ஊஃபர். ஆகவே ஆசை நியாயமானதுதான், வழிதான் சரியில்லை.

சப் ஊஃபரில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று தனக்கென்று கரண்ட் பிளக்கும் உள்ளேயே ஆம்ப்ளிஃபயரும் வைத்திருக்கும். இன்னொன்று வெறும் ஸ்பீக்கரும் மரப்பெட்டியும்தான், பிளக் கிடையாது. அதைப் பாசிவ் என்கிறார்கள். அண்ணா கொண்டு வரப்போவது இந்த இரண்டாவது ஜாதி. அதைப் பாட வைக்கும் சக்தி முழுவதும் நம் ரிசீவரிலிருந்துதான் போக வேண்டும்.

நம் ரிசீவரின் பின்பக்கத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? நான் துடைக்கும்போது படித்தேன். ஸ்பீக்கர் மாட்ட 'ஏ', 'பி' என்று இரண்டு வரிசை இருக்கிறது. 'பி' காலியாக இருக்கு, அதில் மாட்டலாம் என்பதுதான் அண்ணாக்களின் திட்டம். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில், ஏ அல்லது பி மட்டும் என்றால் ஸ்பீக்கர் 8 ஓமுக்குக் குறையக் கூடாது, இரண்டும் சேர்ந்து பாடினால் ஒவ்வொன்றும் 16 ஓமுக்குக் குறையக் கூடாது என்று போட்டிருக்கிறது. நம் ஸ்பீக்கர்கள் 8 ஓம். வரப்போகும் பெட்டி 4 ஓமாம்.

இப்போது கணக்கு. ஏ, பி இரண்டையும் அமுக்கினால் உள்ளே அவை பக்க இணைப்பாகின்றன. (இது பத்தாம் வகுப்புப் பாடம். அண்ணாக்களே, உங்கள் புத்தகத்தில்தான் இருக்கு!) 8 ஓமும் 4 ஓமும் பக்க இணைப்பில் சேர்ந்தால் 2.67 ஓம். ரிசீவர் 16 வோல்ட் தருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். 8 ஓம் மட்டும் இருந்தால் 2 ஆம்பியர் ஓடும். 2.67 ஓமில் 6 ஆம்பியர் ஓடும். மூன்று மடங்கு! ஸ்பீக்கரின் ஓம் சத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் என்பதால் இது துல்லியமான கணக்கு இல்லை. ஆனாலும் எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரிகிறது அல்லவா? அந்தச் சூட்டைத் தாங்க வேண்டியது உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள்.

"வால்யூமைக் குறைச்சு வச்சா ஒண்ணும் ஆகாது" என்று ஒரு அண்ணா சொன்னார். குறைத்து வைத்தால் பெரும்பாலும் ஆகாதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குறைத்து வைக்கவா சப் ஊஃபர் மாட்டுகிறோம்? குத்துப்பாட்டு ஆரம்பித்ததும் யாராவது ஒருத்தர் திருகத்தான் போகிறார். அப்போது நல்ல நேரமாக இருந்தால் பாதுகாப்பு ரிலே 'டக்' என்று விழுந்து பாட்டு நின்று போகும், மேடையில் தங்கச்சிங்க கையைத் தூக்கியபடி நிற்பாங்க. கெட்ட நேரமாக இருந்தால் செட்டே போச்சு. அது பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்து கொடுத்தது. காலை வழிபாட்டுப் பாட்டும் ஆங்கிலக் கேட்டல் பயிற்சியும் அதில்தான் நடக்கின்றன. நம்மிடம் வேறு செட் இல்லை.

எரியவே இல்லை என்று வைத்துக் கொண்டாலும் சத்தம் நன்றாக வராது. ஹோம் தியேட்டரில் மேல் சத்தத்தை வெட்டிவிட்டு அடிச் சத்தத்தை மட்டும் அனுப்பும் வேலையை எரிந்து போன ஆம்ப்ளிஃபயர்தான் பார்த்தது. நேராக மாட்டினால் தலைமையாசிரியர் உரையும் அந்தப் பெட்டிக்குள் போகும், தண்ணி டிரம்முக்குள் இருந்து பேசுகிற மாதிரி கேட்கும். சுருள் போட்டு வெட்டலாமே என்றால், 4 ஓமுக்கு 100 ஹெர்ட்ஸில் வெட்ட சுமார் 6.4 மில்லிஹென்றி வேண்டும். கைக்கு அடங்காத செம்புச் சுருள் அது. அதைப் போட்டாலும் சுமை ரிசீவர் மேல்தான். இடது வலது இரண்டின் பிளஸ்ஸையும் சேர்த்து ஒரே பெட்டியில் கொடுக்கலாம் என்று யாரோ சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். தயவு செய்து அதை நினைத்தும் பார்க்காதீர்கள். இரண்டு ஆம்ப்ளிஃபயரை ஒன்றோடொன்று மோத விடுவது அது.

என் கருத்து இதுதான். அந்தப் பெட்டிக்குத் தனியாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சப் ஊஃபர் போர்டு என்றே கேட்டால் கிடைக்கும், மேல் சத்தத்தை வெட்டும் வேலையும் அதிலேயே இருக்கும். ரிசீவரின் 'ரெக் அவுட்' துளையிலிருந்து அதற்கு சிக்னல் எடுக்கலாம், ரிசீவருக்கு ஒரு சுமையும் இல்லை. ஒரே தொல்லை, ரிசீவர் வால்யூமைத் திருகினாலும் இந்தப் பெட்டியின் சத்தம் மாறாது, தனியாகத் திருக ஒருத்தர் பக்கத்தில் உட்கார வேண்டும். நான் உட்காருகிறேன். 230 வோல்ட் வரும் டிரான்ஸ்ஃபார்மர் வேலையை மட்டும் மெக்கானிக் அண்ணன் செய்யட்டும், நாம் யாரும் தொட வேண்டாம். போர்டுக்குப் பணம் சேரவில்லை என்றால் இந்த வருஷமும் 'டிக் டிக்' தவிலே போதும்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஒயர் வேலை?" என்று கேட்ட அண்ணாவுக்கு: நான் ஒயரையே தொடவில்லை அண்ணா, வகுத்தல் கணக்குதான் போட்டேன். தப்பு இருந்தால் இந்தத் தாளுக்குக் கீழேயே எழுதுங்கள்.

4 ஓம் என்பதும் இதுவரை வாய்ச்சொல்தான். பெட்டியைத் திங்கள்கிழமை மதிய இடைவேளையில் கொண்டு வந்தால் அறிவியல் சாரிடம் மல்டிமீட்டர் கேட்டு அளந்து பார்க்கலாம். 3.2, 3.5 என்று காட்டினால் பெட்டி கெட்டுப் போச்சு என்று பயப்பட வேண்டாம், 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் அப்படித்தான் காட்டும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி