விண்ணப்பத்திலேயே இழக்கலாமா?

க. பொ. த. உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியானதும் நம்மவர் இல்லங்களில் எழும் கேள்வி ஒன்றேதான். பிள்ளைக்கு மருத்துவம் கிடைக்குமா? கிடைக்குமெனில் ஊர் கொண்டாடுகிறது. கிடைக்காதெனில் வீடு இழவு வீடாகிறது. மருத்துவ பீடத்தைச் சிறு புள்ளி வேறுபாட்டால் தவறவிட்ட திறமைமிக்க மாணவர் பலர், பல்கலைக் கழக விண்ணப்பத்தின் எஞ்சிய தெரிவுகளை ஏனோதானோவென்று நிரப்பிவிட்டு அடுத்த பரீட்சைக்குப் புத்தகத்தைத் தூக்கிவிடுகின்றனர். இவ்வாறு ஏனோதானோவென்று கையாளப்படும் நெறிகளுள் ஒன்று மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம். அந்த அலட்சியம் நம் சமூகத்துக்குச் செய்யும் கேட்டினை எடுத்துரைப்பது நம் கடமையெனக் கருதுகிறோம்.

ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் என்போர் யார்? குருதியையும் சிறுநீரையும் சளியையும் ஆராய்ந்து, நோய் இன்னதென வைத்தியர் துணிவதற்கு ஆதாரம் தருபவர். நீதிமன்றத்திற் சாட்சியமின்றித் தீர்ப்பு எழுத இயலாது. ஆஸ்பத்திரியில் அந்தச் சாட்சியத்தைத் திரட்டித் தருபவர் இவரே.

இதனை வயலில் இறங்கும் கமக்காரன் எவரினும் நன்கு உணரவேண்டும். 1990களில் வடமத்திய மாகாணத்து நெற்செய்கையாளரிடையே இனங்காணப்பட்ட, காரணம் இன்னும் திட்டமாய் அறியப்படாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. தொடக்கத்தில் அந்நோய்க்கு வலியுமில்லை, வெளிக்குறியுமில்லை. குருதியிற் கிரியாட்டினின் அளவையும் சிறுநீரிற் புரதத்தையும் அளந்தே அதனைக் கண்டுகொள்ளலாம். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் காய்ச்சலால் அடுத்தடுத்து உயிர்கள் பறிபோனபோது மக்கள் திகைத்து நின்றனர். அது எலிக்காய்ச்சல் என்று ஐயந்தீர உறுதி செய்தது ஆய்வுகூடப் பரிசோதனையே. டெங்கு பரவும் மாரிகாலத்திற் குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையை எதிர்பார்த்து ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்ற பெற்றோருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமோ?

இத்தகைய தொழிலை “மருத்துவம் கிடையாதவர் படிப்பது” என்று இகழ்வது அறியாமை. அந்த அறியாமைக்கு நாம் கொடுக்கும் விலையோ பெரிது.

பல்கலைக் கழக அனுமதியில் நம் சமூகம் பட்ட காயம் எளிதில் மறக்கத்தக்கதன்று. 1971ஆம் ஆண்டின் அனுமதியில், மருத்துவம் பயிலச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகள் போதுமெனவும் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகள் வேண்டுமெனவும் வகுத்தார்கள். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அன்று கதவைச் சாத்தியவர்கள் ஆட்சியாளர். அந்த அநீதியை எதிர்த்து எழுந்த குரலில் நியாயமிருந்தது. ஆனால் இன்று, திறந்திருக்கும் கதவொன்றின் அருகே சென்றும் அதன் தாழை விலக்கத் தெரியாது நம் பிள்ளை திரும்பி வருமானால் அதற்கு யாரைப் பொறுப்பாளியாக்குவது?

விதிகளைச் சுருங்கக் கூறுவோம். 2001ஆம் ஆண்டு முதல் இசெட் புள்ளியின் அடிப்படையில் அனுமதி நடைபெறுகிறது. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் போன்ற நெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியவை. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மட்டக்களப்பு ஆகியன இப்பின்தங்கிய மாவட்டங்களுட் சில. இம்முறையின் நியாய அநியாயங்கள் தனியே விவாதிக்கத்தக்கவை. ஆயினும் முறை நிலைத்திருக்கும்வரை அதனை அறிந்து பயன்கொள்ளாதிருப்பது பேதைமையாகும்.

இந்நெறி யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தில் மட்டுமன்றிப் பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, ருகுணை ஆகிய பல்கலைக் கழகங்களிலும் உண்டு. மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலில் ஒவ்வொரு நெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக் கழகத்துக்கும் தனித்தனிக் குறியீடு இருக்கிறது. வீட்டுக்கு அருகில் என்று யாழ்ப்பாணத்தை மாத்திரம் குறித்த மாணவன், ஏனைய இடங்களுக்குத் தகுதி பெற்றிருந்தும் அவற்றைக் கேட்டவனாகான். கேளாததைச் சட்டம் தாராது.

தெரிவு வரிசை அதனினும் முக்கியமானது. மேலே குறித்த தெரிவுக்குப் புள்ளி போதுமாயின் அதுவே கிடைக்கும். கீழே குறித்தவை பார்க்கப்படமாட்டா. ஆதலால் உண்மையில் விரும்பும் ஒழுங்கிலேயே வரிசை அமையவேண்டும். சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளி ஒரு வழிகாட்டி. இவ்வாண்டுக்கு அது உறுதிமொழியாகாது. அந்தப் புள்ளிக்கு அஞ்சி, விரும்பிய நெறியைக் கீழே தள்ளுவது தன் கையால் தன் கண்ணைக் குத்துவதற்கு ஒப்பாகும்.

கமக்காரப் பெற்றோருக்கு ஒரு சொல். உயர்தரத்திற் பாடம் தெரிவுசெய்யும் வேளையிலேயே இவ்வழக்குத் தொடங்கிவிடுகிறது. பௌதிகவியல் கடினமென்று விவசாய விஞ்ஞானத்துக்கு மாறுமுன், அந்த மாற்றத்தால் எந்தெந்த நெறிகளின் வாயில் அடைபடும் என்பதைக் கைந்நூலைப் பார்த்து அறியுங்கள். பொதுச் சாதாரணப் பரீட்சையையும் விளையாட்டாக எண்ணவேண்டாம். மூன்று பாடங்களிற் சிறந்த சித்தி பெற்றாலும், அப்பரீட்சையில் வேண்டிய குறைந்த புள்ளி இல்லையேல் விண்ணப்பம் செல்லாது.

இன்னொரு மயக்கத்தையும் தெளிவிக்கவேண்டும். பல்கலைக் கழகப் பட்டநெறி வேறு. வர்த்தமானியில் விளம்பரஞ்செய்து சுகாதார அமைச்சு ஆட்சேர்க்கும் டிப்ளோமாப் பயிற்சி வேறு. இவற்றுக்கு விண்ணப்பமும் வேறு, தவணையும் வேறு. ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றதற்கும் விண்ணப்பித்ததாகிவிடாது. இவற்றின் பெயரைச் சொல்லிக் குறுகிய காலச் சான்றிதழ் விற்கும் கடைகளும் பட்டினங்களில் முளைத்துள்ளன. காணியை ஈடுவைத்துப் பணங்கட்டுமுன், இப்படிப்பை முடித்தால் இலங்கை மருத்துவ சபையிற் பதிவு பெறலாமா என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். எழுத்தில் விடை தராத இடத்திற் சல்லிக் காசும் கட்டாதீர்கள்.

பட்டநெறி ஆங்கிலத்திலே கற்பிக்கப்படுகிறது. கிராமத்துப் பிள்ளை இதனைக் கேட்டுத் தயங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலே மேனாட்டு மருத்துவங் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்குவித்தார். விஞ்ஞானத்தைத் தமிழிற் பயின்று விளங்கிக்கொண்ட மாணவனுக்கு ஆங்கிலம் ஒரு சுவரன்று. முதலாண்டில் உழைத்து ஏறவேண்டிய படி. முடிவு வெளியாகும்வரை வீணே கழியும் மாதங்களை ஆங்கிலப் பயிற்சிக்குச் செலவிட்டால் அத்தயக்கம் நீங்கும்.

அரசுக்கும் கூறுகிறோம். பட்டம் பெற்று வெளிவரும் இளைஞரைக் காத்திருக்க வைத்துவிட்டு, கிராமத்து நோயாளியைப் பரிசோதனைக்காகத் தூரத்துப் பட்டினத்துக்கு அலைக்கழிப்பது ஆட்சியாகாது. வடக்குக் கிழக்கு ஆதார வைத்தியசாலைகளின் ஆய்வுகூடங்களுக்கு ஆளும் கருவியும் வழங்குவது மக்களின் உரிமை. எவரும் இடும் பிச்சையன்று.

ஆயினும் அரசு விழிக்கும்வரை நாம் உறங்குவதா? சட்டம் விழித்திருப்போர்க்கே துணைநிற்கும். தவணை தப்பிய வழக்கில் நியாயம் எவ்வளவு இருந்தும் என்ன பயன்? ஒவ்வொரு சனசமூக நிலையமும், ஒவ்வொரு பழைய மாணவர் சங்கமும் முடிவுகள் வெளியான வாரத்திலேயே ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கட்டும். கைந்நூலும் கணனியும் அங்கே இருக்கட்டும். ஊரிலுள்ள ஆசிரியர்களும் வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் வந்தமர்ந்து, இணையவழி விண்ணப்பத்தை அனுப்புமுன் ஒவ்வொரு பிள்ளையின் தெரிவு வரிசையையும் பார்த்துக் கொடுக்கட்டும். படித்தவர் தம் ஊருக்குப் பட்ட கடனில் இது மிகச் சிறிய தவணைப் பணம்.

உழவன் வியர்வை சிந்திப் படிக்கவைத்த பிள்ளை, பரீட்சையில் வென்றபின் விண்ணப்பத்தில் தோற்கக்கூடாது.