வேஷத்துக்குள்ளே ஒரு பிள்ளை

எந்நேரமும் கம்ப்யூட்டர் விளையாட்டா என்று பிள்ளையைக் கரித்துக்கொட்டும் தாய்மார்களுக்கு ஒரு சேதி சொல்கிறேன், கேளுங்கள்.

நார்வே நாட்டுப் பிள்ளை மாட்ஸ் ஸ்டீன். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வரும் டுஷேன் என்ற தசைநோய். சக்கர நாற்காலியில் இருந்தபடி 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டே கதியென்று கிடந்தான். ஒரு சிநேகிதம்கூட வாய்க்கவில்லையே என்று பெற்றவர்களுக்கு ஓயாத கவலை.

அந்த விளையாட்டில் பல தேசத்தவரும் ஆளுக்கொரு வேஷம் கட்டி, நாடகம்போல அந்த வேஷமாகவே பேசிப் பழகுவார்கள். மாட்ஸின் வேஷம் இபெலின். ஓடியாடும் வாட்டசாட்டமான ஆள். பிறத்தியார் மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்பான். மகனிடம் நெருங்க முடியாமல் தவித்த ஒரு தாய்க்கும் யோசனை சொன்னான்.

2014-ல், 25 வயதில் மாட்ஸ் மறைந்தான். அப்பா இணையத்தில் தகவல் எழுத, ஆறுதல் கடிதங்கள் குவிந்தன. அடக்கத்துக்கு வெளிநாட்டிலிருந்தும் சிநேகிதர்கள் வந்தார்கள்! மகனுக்கு இத்தனை பேரா என்று பெற்றவர்கள் அறிந்ததே அப்போதுதான். 2024-ல் இது டாக்குமெண்டரிப் படமாகவும் வந்தது.

படிப்புக்கும் தூக்கத்துக்கும் நேரம் வகுக்க வேண்டியதுதான். முன்பின் தெரியாதவர்களிடம் விலாசம், போட்டோ தரக்கூடாது என்றும் சொல்லி வைக்கணும். அதோடு, பக்கத்தில் உட்கார்ந்து, "உன் வேஷம் யாருடா கண்ணா? யாரோட பேசறே?" என்றும் கேளுங்கள். எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம் நான் இதற்கென்றே ஒதுக்குகிறேன். பிள்ளையின் சிநேகிதர்களை அவன் வாயாலேயே தெரிந்துகொள்வது எத்தனை நல்லது!