இலுப்பையின் கொடை

இவ்வாரம் நாம் காணும் மரம் இலுப்பை. “ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை” என்னும் பழமொழியைக் கேளாதார் இரார். அவ்வினிப்பு வெறும் பேச்சன்று. இரவிலே மலர்ந்து விடியலிலே உதிரும் அப்பூவின் சதைப்பற்றான இதழ்களிற் சர்க்கரை மிகுதி. நடு இந்தியப் பழங்குடி மக்கள் அவற்றைப் பொறுக்கி உலர்த்தி, பஞ்ச காலத்திலும் உணவாகக் கொண்டனர்.

விதையோ எண்ணெய்க் களஞ்சியம். மண்ணெண்ணெய் வருமுன் விளக்கெரிக்கவும், சவர்க்காரம் செய்யவும், மூட்டுவலிக்குப் பூசவும் அவ்வெண்ணெய் உதவிற்று. பிண்ணாக்கை அரைத்துத் தலைமுழுகுவர். அதிலுள்ள நுரைக்கும் பொருள் அழுக்கை நீக்கும். அதுவே மீனுக்கு நஞ்சாதலின் குளத்திற் கொட்டலாகாது. தழை வயலுக்கு நல்ல உரம்.

மட்டக்களப்பு மாவட்டத்திலே இலுப்படிச்சேனை என்று ஓர் ஊரே உண்டு. பெயர் நிலைத்திருக்க, மரம் மறையலாமா? பலகைக்காக வெட்டினால் ஆதாயம் ஒருமுறைதான். உதிர்வதைப் பொறுக்கினாற் பல தலைமுறைக்கு உண்டு.

கல்முனை மாணவர்களே! இலுப்பை விதை நாட்பட்டால் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆதலால் பழம் விழும் பருவத்திலேயே விதையைப் பொறுக்கி, உடனே ஊன்றுங்கள். பாடசாலை வளவும் பள்ளிவாசல் வளவும் வயலோரமும் அதற்கேற்ற இடங்கள். பூக்காணப் பத்தாண்டளவு பொறுக்க வேண்டும். நாம் விளக்கேற்றிய எண்ணெய், நமக்கு முன்னோர் அவ்வாறு பொறுத்ததன் பயனன்றோ?