டெக்சஸ் கேள்வியும் தேக்கா வேனும்

ஹூஸ்டனில் இருக்கும் அக்கா மகன் போன வாரம் அழைத்தான். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள கேரவன் ஒன்று வாங்கியிருக்கிறானாம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு கொலராடோ மலைப்பக்கம் போகத் திட்டம். "மாமா, அதை இழுக்க ஒரு பிக்கப் வாங்கணும். கேஸா, டீசலா?" என்றான். கேஸ் என்றதும் நான் சிலிண்டரை நினைத்தேன். அங்கே பெட்ரோலுக்குத்தான் அந்தப் பெயர்.

கேரவன் இழுத்துப் போகும் வழக்கம் சிங்கப்பூரில் இல்லை. ஆனால் இதே கேள்வியை இரண்டு நாள் முன்புதான் பஃபலோ ரோட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கும் நண்பரும் கேட்டார். அவருடைய வேனுக்குச் சிஓஇ முடியப்போகிறது.

முதலில் மருமகன் கதை. மலை ஏற்றத்தில் டீசலுக்கு நிகரில்லை. 2020 ஃபோர்டு எஃப்-250 வண்டியில் 7.3 லிட்டர் பெட்ரோல் இயந்திரத்தின் முறுக்கு விசை 475 பவுண்ட்-அடி, 6.7 லிட்டர் டீசலுக்கு 1,050. இறக்கத்திலும் டீசல் இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்த உதவும். ஆனால் டீசலுக்கு ஏறக்குறைய 10,000 டாலர் கூடுதல். இயந்திரத்தின் எடையும் அதிகம். கேரவனின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு பிக்கப்பின் பின்புறக் கொக்கியில் உட்காரும். அதோடு பிள்ளைகள், சைக்கிள், அக்கா கட்டிக்கொடுக்கும் ஊறுகாய் ஜாடி. இழுக்கும் பலம் கூடும்போது சுமக்கும் அளவு குறைகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் அந்த அளவு இருக்கும்.

"வருஷத்துக்கு எத்தனை தடவை இழுப்பே?" என்றேன். "மூணு தடவை." மற்ற நாளெல்லாம் அலுவலகத்துக்கு எட்டு கிலோமீட்டர். பெட்ரோலே வாங்கு என்று சொல்லிவிட்டேன்.

தேக்கா நண்பரிடம் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. விடியற்காலையில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குப் போய் வருவார். பிறகு பகல் முழுக்கச் சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள உணவகங்களுக்குக் குட்டிக் குட்டி ஓட்டம். இங்கே 2018 முதல் புதிய டீசல் வாகனங்கள் யூரோ 6 தரத்தில் இருக்க வேண்டும். புகைக்கரியைப் பிடிக்க அவற்றில் ஒரு வடிகட்டி உண்டு. சேர்ந்த கரி எரிய ஏறத்தாழ 600 டிகிரி சூடு தேவை. விரைவுச்சாலையில் நீண்ட நேரம் ஓடினால் அந்தச் சூடு வரும். கெர்பாவ் ரோட்டில் நின்று நின்று போனால் வராது. கரி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரியும். நண்பரின் வேனுக்கு அப்படி ஆனது தீபாவளிக்கு முந்தைய வாரம். வாடகை வேனுக்குக் கொடுத்த காசு அந்த வார லாபத்தை விழுங்கிவிட்டது.

"ஆனா டீசல் விலை குறைவாச்சே, அண்ணே" என்கிறார். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு வரிதான். 2021இல் உயர்த்தியபின் 95 ரகப் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 66 காசு. டீசலுக்கு 2017இல் 10 காசு. இரண்டே ஆண்டில் அது 20 ஆனது. அரசாங்கம் நினைத்தால் மாறும் விலையை நம்பிப் பத்தாண்டு சிஓஇ எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2025 முதல் புதிய டீசல் கார், டாக்சிகளைப் பதிவு செய்ய முடியாது. வேனுக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் 2040க்குள் எல்லா வாகனங்களும் தூய எரிசக்தியில் ஓட வேண்டும் என்பது அரசாங்க இலக்கு.

அவருடைய ஓட்டத்துக்கு மின்சார வேனே போதும் என்பது என் எண்ணம். ஆனால் இரவில் எங்கே மின்னூட்டுவது? வீட்டருகே உள்ள அடுக்குமாடிக் கார்நிறுத்தத்தில் இடம் கிடைக்குமா என்று தினமும் பார்க்க வேண்டும். காலை நான்கு மணிக்குக் கிளம்புகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஜோகூர் பக்கம் வாரம் இரண்டு முறை சரக்கெடுக்கப் போகிறவராக இருந்தால் டீசலையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஒரு மாதம் தினமும் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிப் பாருங்கள் என்றேன். நேற்றுக் கடைக்குப் போனபோது முருகன் படம் போட்ட நாள்காட்டியில் பென்சிலால் குறித்திருந்தார்: 31, 28, 34.