குடும்ப நலம்: காப்பர்-டியும் மனக் கலக்கமும்



சென்ற மாதம் நமது சங்கத்தின் மாதர் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி அருந்திக்கொண்டிருந்த வேளையில், இளம் சகோதரி ஒருத்தி என்னைத் தாழ்வாரத்துக்குத் தனியே அழைத்துச் சென்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "அக்கா, இதை யாரிடம் கேட்பதென்றே தெரியவில்லை" என்று தயங்கித் தயங்கித் தொடங்கினாள்.

இரண்டாவது பிரசவத்துக்குத் தஞ்சையிலுள்ள தாய்வீடு சென்றவள், அங்கேயே காப்பர்-டி வைத்துக்கொண்டு டில்லி திரும்பியிருக்கிறாள். குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. கடந்த ஓராண்டாக ஒவ்வொரு மாதவிலக்கும் எட்டு நாட்கள் நீடிக்கிறது. உதிரப்போக்கும் வயிற்றுவலியும் மிகுதி. "எடுத்துவிடலாமென்றால் பயமாக இருக்கிறது, அக்கா. சதையோடு ஒட்டியிருக்கும், பிய்த்துத்தான் எடுப்பார்கள் என்று அடுத்த வீட்டு அம்மாள் சொல்கிறாள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, வைத்த டாக்டரம்மாளிடமே எடுத்துக்கொள்கிறேன்" என்றாள். கோடை விடுமுறைக்கு இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன.

இந்த ஐந்து மாதக் காத்திருப்பைப் பற்றித்தான் இம்முறை எழுத விரும்புகிறேன். இத்தகைய காத்திருப்பு நம் வீடுகள் பலவற்றில் ஓசையின்றி நடந்துவருகிறது.

காப்பர்-டி என்பது கட்டைவிரல் நீளத்துக்கும் குறைவான ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு. அதன்மேல் செப்புக்கம்பி சுற்றப்பட்டிருக்கும். அந்தச் செம்பு ஆண் வித்தின் இயக்கத்தைத் தடுத்துக் கருத்தரியாமல் காக்கிறது. இதில் ஹார்மோன் ஏதுமில்லை. ஆகையால் தாய்ப்பால் குறைவதில்லை, மாதவிலக்கும் நிற்பதில்லை. 380ஏ என்னும் வகை 10 ஆண்டுகளும், 375 என்னும் வகை 5 ஆண்டுகளும் பயன் தருபவை. நூறு பேர் ஓராண்டு வைத்திருந்தால், கருத்தரிப்பவர் ஒருவருக்கும் குறைவே.

நன்மை இவ்வளவிருப்பினும் தொல்லையே இல்லையென்று கூறுவது பொய்யாகும். வைத்த முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் உதிரப்போக்கு அதிகரிப்பதும், அடிவயிறு இழுத்துப் பிடிப்பதும், இடையிடையே சிறிது கறைபடுவதும் பலருக்கு நேர்வன. பெரும்பாலோருக்கு இவை மெல்லத் தணிந்துவிடும். அதுவரை வலிக்கும் உதிரப்போக்குக்கும் மாத்திரைகள் உண்டு. அவற்றை டாக்டரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். ஆறு மாதங்களுக்குப் பிறகும் தொல்லை தணியாவிட்டால், அதைப் பொறுத்துக்கொள்வது சாமர்த்தியமன்று. இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 12-க்குக் குறைந்தால் அது இரத்தசோகை. முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் சோகை பிடித்த பிறகு கீரை மட்டும் போதாது, இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். அதை விழுங்கிய கையோடு காபி குடித்தால் சத்து உடலில் சேருவது குறைந்துவிடும் என்பதையும் நம் வீட்டார் நினைவில் வைப்பது நலம்.

சில அறிகுறிகள் தோன்றினாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. காய்ச்சலுடன் கூடிய அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள வெள்ளை, மணிக்கொரு நாப்கின் நனையுமளவு உதிரப்போக்கு, நாள் தள்ளிப்போதல், காப்பர்-டியின் கெட்டியான பகுதியே கைக்குத் தட்டுப்படுதல் ஆகியவை அவை. நாள் தள்ளிப்போய், வயிற்றில் ஒரு புறமாகக் கடும்வலியும் இருந்தால், கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும். உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

இனி, எடுப்பதைப் பற்றிய அச்சத்துக்கு வருவோம். இவ்வச்சம் நேற்றுத் தோன்றியதன்று. 1965-ஆம் ஆண்டில் நமது நாட்டின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 'லூப்' என்ற சாதனம் சேர்க்கப்பட்டது. முகாம்கள் நடத்தி, இலக்கு வைத்து, ஏராளமான பெண்களுக்கு அதைப் பொருத்தினார்கள். உதிரப்போக்கும் வலியும் வருமென்று முன்கூட்டிச் சொல்வாரும், வந்தபின் கவனிப்பாரும் பல இடங்களில் இல்லை. சொல்லவேண்டியவர்கள் சொல்லாத இடத்தில் வதந்தி புகுந்தது. சில ஆண்டுகளிலேயே பெண்கள் லூப்பைக் கைவிடலாயினர். நம் பாட்டிமார் பட்ட துன்பம் பொய்யன்று. ஆனால் அக்காலத்துக் கதை இக்காலத்துப் பெண்ணைக் கட்டிப்போட வேண்டியதில்லை.

எடுக்கும் முறை எளியது. காப்பர்-டியின் நுனியிலுள்ள மெல்லிய நூல், கருப்பையின் வாயிலில் தொங்கிக்கொண்டிருக்கும். டாக்டர் அதை இடுக்கியால் பற்றி மெதுவாக இழுப்பார். கைகள் இரண்டும் மேல்நோக்கி மடங்க, அது வெளியே வந்துவிடும். சில நிமிட வேலை. ஒருகணம் சுரீரென்று வலிக்கும், அவ்வளவே. பிரசவத்தையொட்டி வைத்துக்கொண்டவர்களுக்குச் சில சமயம் நூல் தென்படாமற்போகலாம். அப்போது ஸ்கான் எடுத்து, இருக்குமிடத்தை அறிந்து, அதற்கென்றுள்ள சிறு கருவியால் எடுப்பார்கள். கருப்பைச் சுவரில் பதிந்துபோவதும், அதைத் துளைப்பதும் அபூர்வம். நேர்ந்தாலும் அதற்கும் வழியுண்டு. நெஞ்சுக்கு ஏறிவிடும் என்பது வெறுங்கதை. ஒன்று மட்டும் சொல்வேன்: வீட்டில் தாமாக இழுத்துப் பார்க்க வேண்டாம்.

எடுத்தவுடனேயே கருத்தரிக்கும் சக்தி திரும்பிவிடும். ஆகவே மற்றொரு குழந்தை வேண்டாதவர்கள், எடுப்பதற்கு ஏழு நாட்களுக்கு முன்பிருந்தே ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பைக் கைக்கொள்ள வேண்டும். முன்பு எதை வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தது போலவே, பின்பு எதைக் கைக்கொள்வதென்றும் கணவனும் மனைவியும் கலந்து பேசுவது உத்தமம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: வைத்த டாக்டரே எடுக்க வேண்டுமென்ற விதி எங்குமில்லை. டில்லியில் எந்த அரசாங்க ஆஸ்பத்திரியிலும் எடுத்துக்கொள்ளலாம். விரும்பிக் கேட்கும் பெண்ணுக்கு எந்த நாளிலும் எடுத்துக் கொடுக்க வேண்டுமென்பதே நெறி. ஆண்டுகள் முடியவில்லையே என்று யாரேனும் கடிந்துகொண்டால், "உடம்பு என்னுடையது" என்று பணிவாகச் சொல்லலாம்.

பாஷை தெரியாத தயக்கமும் நம்மவரைத் தடுக்கிறது. மூன்று வாக்கியங்கள் போதும். "காப்பர்-டி நிகல்வானீ ஹை" என்றால் எடுக்கவேண்டும் என்று பொருள். "கூன் ஸ்யாதா ஆ ரஹா ஹை" என்றால் உதிரப்போக்கு அதிகம் என்பது. "தாகா நஹீ மில் ரஹா" என்றால் நூல் அகப்படவில்லை என்பது. ஊரில் கொடுத்த அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த வகை, என்றைக்கு வைத்தது என்பது அதில் இருக்கும். அட்டை தொலைந்திருந்தாலும் போகத் தயங்க வேண்டாம்.

அச்சகோதரியை மறுவாரமே அழைத்துச் சென்றேன். ஹீமோகுளோபின் 8 என்று வந்தது. டாக்டரம்மாள் அவளிடம் ஊரையும் குழந்தைகளையும் பற்றி விசாரித்துக்கொண்டே எடுத்துவிட்டார். "ஆயிற்றா?" என்று அவள் இரண்டு முறை கேட்டாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபின் சிறிது நேரம் அழுதாள், வலியினால் அன்று. "இதற்காகவா அக்கா ஒரு வருஷம் பயந்தேன்?" என்றாள். இப்போது இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு வருகிறாள். முகத்தில் சிறிது இரத்தம் தெரிகிறது.

தாயும் தமக்கையும் தொலைவிலிருக்கும் ஊரில் வாழ்கிறோம். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்ணின் முகம் வெளுத்திருந்தால், ஒருமுறை விசாரியுங்கள். துணைக்கு ஒருத்தி வந்தால் அவளுடைய கோடை விடுமுறை வரைக்குமான காத்திருப்பு மறுவாரத்தோடு தீர்ந்துவிடும்.